மார்த்தாளைக் கேட்டு வந்த கடிதம்

சவேரிகண்டிகையில் மார்த்தாள் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஊருக்கு ஒருத்தியைத்தான் தெரியும். இரண்டாவது ஆளையும் தெரிந்திருந்தால் இவ்வளவு கூத்து நடந்திருக்காது.

கே.ஜி.கண்டிகையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரும்புக் கொல்லைகளின் நடுவே மூன்று கிலோமீட்டர் நடந்தால் ஊர். அறுபது வீடு. ஊர்க் கோடியில் சவேரியார் கோயில், அதை ஒட்டி நாலு கருங்கல் தூண், தூண்களின் மேலே ஒரு வெண்கல மணி. அந்த மணியை ஊரில் ‘பெரியம்மா’ என்பார்கள். பிரான்சிலிருந்து கப்பலில் வந்தவள் என்று மட்டும் தெரியும். எந்த ஊர், எந்தக் கோயில் என்று நூற்றைம்பது வருஷமாக யாரும் கேட்கவில்லை. காலையில் பெரியம்மா கூப்பிட்டால் எழுந்திருப்பார்கள், உச்சியில் கூப்பிட்டால் களத்து வேலையை விட்டுவிட்டுக் கூழ் குடிக்கப் போவார்கள். நேரங்கெட்ட நேரத்தில் ஒவ்வோர் அடியாக விட்டு விட்டுக் கூப்பிட்டால், “யாரு போய்ட்டாங்க?” என்று கேட்டுக்கொண்டு தெருவுக்கு வருவார்கள்.

பெரியம்மாவின் கயிற்றை இழுக்கிறவள் மார்த்தாள். கோயிலுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறையில் குடியிருந்தாள். அவளுக்கு முன்னால் அவள் அப்பன் யோபு கோயில்பிள்ளையாக இருந்தார். அவருக்கு முன்னால் அவருடைய அத்தை, அவள் பெயரும் மார்த்தாள். அந்த வீட்டில் தலைச்சன் பெண்ணுக்கு மார்த்தாள் என்றுதான் வைப்பார்கள். ஏன் என்று கேட்டால், “எங்க வூட்டு வழக்கம்” என்பதோடு சரி.

பெயர் வைத்தார்களே தவிர யாரும் கூப்பிடவில்லை. புருஷன்காரன் இருந்த நாலு வருஷமும் “ஏய்” என்றான், பிறகு நகரிப் பக்கம் ஒருத்தியோடு போய்விட்டான். ஊருக்கு அவள் மணிக்காரம்மா. ரேஷன் கார்டிலும் ஞானஸ்நானப் புத்தகத்திலும்தான் அவள் மார்த்தாளாக இருந்தாள். அறுபது வயதில் அவளுக்கே அது வேறு யாருடைய பெயரோ போலத்தான் இருந்தது.

தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சாமியார் அறிவிப்பு வாசித்தார். தெற்கத்திக்காரர், வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. ஏழு ஊருக்கு அவர் ஒருத்தர். ஏழு மணிக்குப் பைக்கில் வந்து எட்டுக்குள் அடுத்த ஊருக்குப் பறக்கிற மனுஷன்.

“பிரான்சு நாட்டுல ஒரு கிராமத்துப் பங்கு. எண்ணூறு வருசத்துக் கல் கோயில். அங்கேருந்து நம்ம மார்த்தாவைக் கேட்டு எழுதியிருக்காவ. ஆயரும் சம்மதம் சொல்லிட்டாரு. ஈஸ்டர் பாஸ்கா முடிஞ்சதும் அவங்களே நேர்ல வந்து கொண்டு போவாங்க. செலவு பூரா அவங்களுது. பதிலுக்கு நம்ம கோயிலுக்கு ஓடு மாத்தித் தாராங்க. ஜெபிச்சுக்கிடுங்க.”

கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. அந்த நாட்டில் மணிக்கும் ஞானஸ்நானம் கொடுத்து, ஞானத்தாய் ஞானத்தகப்பன் நிறுத்தி, பெயர் வைக்கிற வழக்கம். பெரியம்மாவுக்கு அவள் பிறந்த ஊரில் வைத்த பெயர் மார்த்து, நம் பக்கத்தில் மார்த்தா. சாமியார் கடிதத்தில் படித்த பெயரைச் சொன்னார். பெரியம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது. கயிற்றடியில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்த கிழவியின் பெயரும் அவருக்குத் தெரியாது.

பைக் சத்தம் ஓயவில்லை, ஊர் முழுக்க மணிக்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

மறுநாள் துளசிங்கம் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிப் போட்டிருந்தது. திருத்தணியில் நூற்றெட்டு டிகிரி என்று டி.வி.யில் சொன்ன வாரம். புங்க மரத்து நிழலில் பெண்கள் சுற்றி உட்கார்ந்து, செடியைத் தட்டித் தட்டிக் காயை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மண் கண்ணுக்குள் விழுந்தது. விரல் நுனியெல்லாம் எரிந்தது. வழக்கமாக மார்த்தாளுக்கு நிழலின் விளிம்புதான் கிடைக்கும், பத்து மணிக்கெல்லாம் வெயில் அவள் முதுகில் ஏறிவிடும். அன்றைக்குத் தாயம்மாள் தன் இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

“இங்க வா யக்கா. நாளைக்குப் பிளேன்ல போறவ, வெயில்ல காஞ்சி கருவாடாப் போனா அவங்க அடையாளம் தெரியலன்னு திருப்பி அனுப்பிடுவாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். மார்த்தாளும் சிரித்தாள்.

“எதுக்குத் தாயி என்னக் கேக்கறாங்க? எனக்கு இன்னா தெரியும்?”

“மணி அடிக்கத் தெரியுமில்ல? அவங்க மணி இங்க கீது. அத நூத்தம்பது வருசமா அடிச்சிகினு கீறது உங்க குடும்பம். அங்க அடிக்க ஆள் இல்லாம இருக்கும். கூப்புடறாங்க.”

“அதுக்கு ஏன் ‘கொண்டு போவாங்க’ன்னாரு? கூட்டிகினு போவாங்கன்னு இல்ல சொல்லணும்?”

“அவுரு தெக்கத்திக்காரரு யக்கா. அந்தப் பக்கம் ஆளுக்கும் அண்டாவுக்கும் ஒரே பேச்சுதான் போலக்கீது.”

அதற்கும் சிரிப்புதான். மார்த்தாள் மட்டும் கொஞ்ச நேரம் கழித்து, கையிலிருந்த செடியை உதறாமல் வைத்துக்கொண்டு சொன்னாள்:

“பேர் சொல்லிக் கேட்டுகீறாங்க, தாயி. மார்த்தான்னு. யாரு அவங்களுக்குச் சொன்னது?”

அவளுக்கு அதுதான் பட்டது. பிரான்சும் பிளேனும் இல்லை. ஏழு கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்து, தன் பெயரைக் காகிதத்தில் எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் அவளுக்குப் பெரிசாக இருந்தது. அன்றைக்கு அவள் ஆய்ந்த காயில் பாதிக்கு மேல் மண்ணும் காம்புமாக இருந்தது. துளசிங்கம் பார்த்துவிட்டு அப்படியே மூட்டையில் கொட்டிக்கொண்டான். வெளிநாட்டுக்குப் போகிறவளை எதற்குப் பகைத்துக்கொள்வது என்று நினைத்திருப்பான்.

மகன் ஆபேலுக்குச் சேதி எட்டியது. ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவன். மருமகள் ஸ்வீட்லின் இரண்டு வருஷமாக மாமியாரிடம் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. சேதி கேட்ட அன்றைக்கே கருவாட்டுக் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு, புருஷன் பைக்கில் வந்து இறங்கினாள். “அத்தே, இளைச்சிட்டியே” என்றாள்.

ஆபேல் விவரமானவன். சும்மா ஊர்ப் பேச்சை நம்பமாட்டான். சாமியாரிடமே போய்க் கேட்டுவிடுவது என்று அவர் குடியிருந்த பங்களாவுக்குப் போனான். அவர் சாப்பாட்டில் இருந்தார்.

“மார்த்தா விஷயமா வந்தேன் சாமி. சவேரிகண்டிகை.”

“வாங்க வாங்க. உங்க ஊருக்கே பெருமைல்லா அது.”

“அது நிச்சயமாப் போவுதுங்களா?”

வட பக்கத்தில் பெற்ற தாயையும் ‘அது’ என்றுதான் சொல்வார்கள். அம்மா வந்துச்சு, அம்மா தூங்குது. அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது. சாமியாருக்கும் ‘அது’ என்பதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

“போயிரும். டெல்லியில அனுமதி வாங்கியாச்சு. பேப்பர் பூரா ரெடி.”

“பிளேன்ல ஏறுமா சாமி? வயசாய்டுச்சே.”

“பிளேன்லயா? அந்தக் கனத்துக்கா? கப்பல்தான்.”

ஆபேல் கொஞ்சம் யோசித்தான். அம்மா ஒல்லியானவள்தான். சாமான் செட்டோடு சேர்த்துச் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டான்.

“அங்க வேலை ரொம்ப வாங்குவாங்களா?”

“வேலையா? தொடவே மாட்டாங்க. இத்தனை வருசம் அடி வாங்கினது போதும்னு கண்ணாடிக்குள்ள வச்சுப் பாத்துக்கிடுவாங்க. சூடு, ஈரம் எதுவும் அண்டாது. போனதும் முதல்ல ஸ்கேன் எடுப்பாங்களாம், உள்ளுக்குள்ள ஏதாச்சும் விரிசல் இருக்கான்னு.”

ஆபேலுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளை ஒரு எக்ஸ்ரே எடுத்ததில்லை.

“திரும்பி வருமா சாமி?”

“எதுக்குத் திரும்பி வரணும்? அங்கேயே இருந்துரும்.”

பிறகு ஆபேல் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். கோயில்பிள்ளை வேலையை விட்டுவிடுவதாகவும் கோயில் அறையைக் காலி செய்து கொடுப்பதாகவும் அவன் எழுதி, அம்மாவிடம் கைநாட்டு வாங்கியது. “அது போனப்புறம் இந்த வேலையும் ரூமும் எதுக்குன்னுதாங்க” என்றான்.

சாமியார் முகம் மலர்ந்தது. “நீங்களாவே சொல்லிட்டிய. நான் எப்படிச் சொல்லன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். இனி கரண்டு மணிதானே, ஆளு எதுக்கு?” என்று மடித்திருந்த காகிதத்தை இடது கையால் வாங்கி, ஜெப புத்தகத்துக்குள் செருகினார். கைநாட்டுக்குக் கீழே பெயர் எழுதியிருந்தது. சாப்பாட்டுக் கையாக இருந்ததால் அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

அதன் பிறகு மார்த்தாளுக்கு நடந்ததை ராஜ வாழ்வு என்றுதான் சொல்லவேண்டும். எதிர்வீட்டு நிர்மலா தினம் பன் வாங்கிக் கொடுத்துப் பழக்கினாள், அங்கே சோறு கிடைக்காதாம். கோயில் கமிட்டிக்காரர்கள் நாற்காலி போட்டார்கள். மார்த்தாள் வளர்த்த இரண்டு ஆட்டை ஆபேல் ஓட்டிக்கொண்டு போய் விற்று, சக்கரம் வைத்த ஒரு சிவப்புப் பெட்டியும் ஸ்வெட்டரும் வாங்கி வந்தான், மிச்சத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை. அண்டா, உரல், கட்டில் மூன்றையும் ஸ்வீட்லின் ஆட்டோ வைத்து ஏற்றிக்கொண்டாள்.

“அங்க செட்டில் ஆனதும் உன் புள்ளைய மறந்துடாதே அத்தே.”

“மறப்பனா? மொதல்ல அவனத்தான் கேட்டு எழுதச் சொல்வேன்.”

எல்லோருக்கும் மார்த்தாள் என்ற பெயர் வாயில் வந்துவிட்டது. மார்த்தாக்கா, மார்த்தாம்மா, மார்த்தா அத்தை. தெருவில் நடந்தால் பெயர் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. தேவையில்லாவிட்டாலும் கடைக்கு ஒரு நடை போய் வந்தாள்.

பெரிய வியாழன் வந்தது. அன்றைக்கு வானவர் கீதம் பாடும்போது அடிக்கிற அடிதான் கடைசி. அதற்குப் பிறகு உயிர்ப்பு வரை மணி பேசக்கூடாது. அறியாத பிள்ளைகள் கயிற்றை இழுத்துவிடக் கூடாதென்று மார்த்தாள் வருஷா வருஷம் ஏணி போட்டு ஏறி, பழைய புடவைத் துணியால் மணியின் நாக்கைச் சுற்றிக் கட்டிவிடுவாள். அதை அவளைத் தவிர யாரும் செய்ததில்லை. இரும்பு நாக்கு, பிள்ளையின் கை நீளம் இருக்கும். அவள் அப்பன் காலத்தில் பழசு உடைந்துபோய், பள்ளிப்பட்டு ஆசாரி அடித்துக் கொடுத்தது.

கட்டி முடித்ததும் அவள் உடனே இறங்கவில்லை. புறா எச்சமும் சுண்ணாம்பும் படிந்த மணியின் தோளைத் தடவிக் கொடுத்தாள்.

“நான் உன் ஊருக்குப் போறேன் பெரியம்மா. நீ இங்கயே இரு. கரண்டு மணி வெச்சாலும் உன்ன எறக்க மாட்டாங்க. நீ எங்க போவப் போற? உங்க ஊர்ல யார்னா கேட்டா, நல்லா கீறான்னு சொல்றேன்.”

பாஸ்கா கழிந்த இரண்டாம் வாரம், புதன்கிழமை, வந்தார்கள். ஒரு காரும், பின்னாலேயே ஒரு கிரேன் வண்டியும், சாமியார் பைக்கும். மார்த்தாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சிவப்புப் பெட்டியோடு கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணி வெயிலில் ஸ்வெட்டருக்குள் வியர்வை ஆறாக ஓடியது. கழற்றச் சொன்ன தாயம்மாளிடம், “கப்பல்ல குளுரும்” என்றாள். ஊர் மொத்தமும் மாலையோடு நின்றது. காலையிலேயே கோழி அடித்து விருந்து போட்டிருந்தார்கள்.

காரிலிருந்து வெள்ளைக்காரம்மா ஒருத்தி இறங்கினாள். கூட ஒரு பாண்டிச்சேரிக்காரர், அவள் பேச்சைத் தமிழில் சொல்ல. இறங்கியதும் இறங்காததுமாக அவர் கேட்டார்:

“மார்த்தா எங்கங்க?”

“நாந்தாங்க” என்று மார்த்தாள் எழுந்தாள்.

பாண்டிச்சேரிக்காரர் அதை வெள்ளைக்காரம்மாவிடம் சொன்னார். அவள் முகமெல்லாம் சிரிப்பாகி, ஓடி வந்து மார்த்தாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்லிக் கன்னத்தோடு கன்னம் வைத்தாள். ஊர் கைதட்டியது. ஆபேல் போனில் படம் எடுத்தான். அந்த அரை நிமிஷம் மார்த்தாள் வாழ்ந்த வாழ்வு. அதை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளாமல் இருந்திருக்கலாம்.

“உங்களுக்கும் அதே பேரான்னு ஆச்சரியப்படறாங்கம்மா” என்றார் பாண்டிச்சேரிக்காரர். “சரி, மணி எங்க இருக்கு?”

கிரேன்காரன் அதற்குள் தூண் பக்கம் வண்டியைத் திருப்பிவிட்டான். பெல்ட்டு போட்டு பெரியம்மாவை இறக்கி, மண்ணில் வைக்கோல் பரப்பி உட்கார வைத்தார்கள். வெள்ளைக்காரம்மா மண்டியிட்டு, தண்ணீர் ஊற்றித் தன் கைக்குட்டையாலேயே தேய்த்தாள். சுண்ணாம்பு போனதும் எழுத்து தெரிந்தது. பாண்டிச்சேரிக்காரர் குனிந்து விரலை ஓட்டிப் படித்தார்.

“‘எனக்கு மார்த்து என்று பெயர் வைத்தார்கள்.’ இதுதாங்க மார்த்தா. ஐநூறு வருஷத்துக்கு மேல ஆன மணி. பெரிய மணி வாங்கினப்போ சின்னதை உங்க ஊருக்குக் கொடுத்து அனுப்பியிருக்காங்க.”

சாமியார் மணியைப் பார்த்தார், ஸ்வெட்டரைப் பார்த்தார், சிவப்புப் பெட்டியைப் பார்த்தார். “அட, உங்க பேரு மார்த்தாளா?” என்றவர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. ஒரு சாமியார் சிரித்துவிட்டால் ஊருக்கு வேறென்ன வேண்டும்? பின்னாலிருந்து ஒருத்தன் விசில் அடித்தான். தாயம்மாள் முந்தானையைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், அடக்க முடியவில்லை. ஆபேல் சிரிக்கவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு பைக் நின்ற பக்கம் நடந்தான்.

வெள்ளைக்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்து அவளும் சிரித்தாள். தன் ஊர்க் கோயிலின் படங்களை மார்த்தாளுக்குக் காட்டினாள். குட்டையான கல் கோபுரம், பாசி பிடித்த சுவர், உள்ளே சிறகு பாதி அழிந்த சம்மனசுகளின் ஓவியம், காலிப் பெஞ்சுகள்.

“ஆளே இல்லையே” என்றாள் மார்த்தாள்.

“ஊர்ல மொத்தம் முப்பது பேருதாம்மா. பூசை வருஷத்துக்கு ரெண்டு. ஆனா பழைய கோயில், விட்டா இடிஞ்சிடும்னு சங்கம் வெச்சுக் காப்பாத்துறாங்க.”

“அப்ப அங்க யாரு சாவுக்கு அடிப்பாங்க?”

“அடிக்க மாட்டாங்க. கண்ணாடிப் பெட்டில வெப்பாங்க.”

மார்த்தாள் தலையை ஆட்டினாள். வழியில் ஆடக்கூடாது, நாக்கைக் கட்டத் தெரிந்தவர்கள் யாராவது கட்டுங்கள் என்று கிரேன்காரன் கேட்டான். தெரிந்தவள் ஒருத்திதான். ஸ்வெட்டரைக் கழற்றி, மணிக்கடியில் கையை விட்டு நாக்கில் சுற்றப் போனாள். வெள்ளைக்காரம்மா ஏதோ சொன்னாள்.

“நாக்கு வேணாங்கறாங்கம்மா” என்றார் பாண்டிச்சேரிக்காரர். “அது பழசு இல்லியாம். பிற்பாடு இங்க அடிச்சுப் போட்டதாம். கழட்டிடுங்க.”

கழற்றினார்கள். வண்டி கிளம்பியபோது ஊர் பெரியம்மாவுக்கு மாலை போட்டது, மாலை வீணாகக் கூடாதே.

மார்த்தாளின் அறை வாசலில் சாமியார் அவளைப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது அவருக்கு. “ரூமுக்குத் திங்கக்கிழமை பேட்டரியும் மைக் செட்டும் வருதே. நீங்கதானே எழுதிக் கொடுத்திய?” என்றார். அடுத்த ஊர்ப் பூசைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

அன்றைக்கே ஊர் அவளுக்கு வேறு பெயர் வைத்துவிட்டது. “ஏ பிரான்சு, கப்பல் போய்ட்ச்சா?” நிர்மலா, தான் வாங்கிக் கொடுத்த பன்னை எல்லாம் எண்ணிச் சொன்னாள். நிழல் விளிம்பில் உட்கார்ந்து கடலை ஆய்ந்தபோது துளசிங்கம் அவள் கூடையைக் கொட்டி, மண்ணைக் காட்டி, “இது பிரான்சு கொல்லை இல்லம்மா” என்றான். மார்த்தா என்று பிறகு ஒருத்தரும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிவப்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு, நாக்கைச் சாக்கில் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆர்.கே.பேட்டைக்கு டவுன் பஸ் ஏறினாள். வேறு போக்கில்லை. ஸ்வீட்லின் கதவைத் திறந்து பெட்டியைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். தறிக்கும் கட்டிலுக்கும் நடுவே, அடுப்படி மூலையில் பாய் போட இடம் கிடைத்தது. கட்டில் அவளுடையதுதான். அதில் ஸ்வீட்லின் துணி மடித்து வைத்திருந்தாள். இரும்பு நாக்கை மார்த்தாள் தன் பக்கத்திலேயே சுவரில் சாய்த்து வைத்தாள். பகலெல்லாம் தறி அடித்தது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து அவள் கை தானாக மேலே போகும், கயிறு இருக்காது.

“உன் மாமியா பிரான்சுக்குப் போலியா?” என்று பக்கத்து வீட்டிலிருந்து கேட்பார்கள்.

“ஆங், போச்சி போச்சி. அது எங்க போவும்? இங்கதான் கெடக்குது” என்பாள் ஸ்வீட்லின்.

ஆபேல் அம்மாவிடம் பேசுவதை விட்டிருந்தான். தன்னைப் பார்த்துத்தான் ஊர் சிரித்தது என்று அவனுக்கு நினைப்பு. “யாரச் சொல்றாங்கன்னு உனுக்காவது தெரியக் கூடாதா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டான். அவள், “என் பேர் சொன்னாங்களே நைனா” என்றாள்.

ஆனி மாதம் ஒருநாள் தெருவில் பங்காருவின் வண்டி வந்தது. பழைய இரும்பு, பிளாஸ்டிக், பேப்பர் என்று ஒலிபெருக்கி தானாகக் கத்திக்கொண்டு வரும். ஸ்வீட்லின் அவனை வாசலில் நிறுத்தி, உள்பக்கம் கையைக் காட்டினாள்.

“அந்த மூலையில கெடக்குது பாரு. வந்த நாள்லேர்ந்து எடத்த அடைச்சிகினு கீது, ஒண்ணுத்துக்கும் ஒதவாது. எடுத்துகினு போய்டு.”

மார்த்தாள் எழுந்தாள். பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தாள். பெட்டியின் கைப்பிடியை இழுத்து நிமிர்த்தி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து பங்காருவின் வண்டி அருகே நின்றாள்.

பங்காரு ஒலிபெருக்கியை நிறுத்தினான். “நீ எங்கம்மா வர்ற? அந்த இரும்பச் சொல்றாங்கம்மா” என்று சொல்லிவிட்டு ஸ்வீட்லினைப் பார்த்தான்.

ஸ்வீட்லின் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.